பழைய கோட்டும் புதிய அளவும்

சரித்திரம் என்றால் அரசர்களின் பட்டமேற்பும் படைகளின் அணிவகுப்பும்தான் என்று எண்ணிய காலம் போய்விட்டது. மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தனர், கிழிந்ததை எப்படித் தைத்துக்கொண்டனர் என்பனவும் சரித்திரத்தின் பகுதியே என்பதை இன்று யாவரும் ஒப்புக்கொள்வர். அவ்வகையில், பழைய கோட்டு ஒன்றை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் பார்த்தால், அதன் தையல்களுக்கிடையே ஒரு நாட்டின் செல்வமும் வறுமையும், போரும் அமைதியும் பதிந்திருப்பதைக் காணலாம். பிறர் உடுத்திக் கழித்த ஸூட்டைப் பிரித்து, வெட்டி, வீட்டிலேயே புதிய அளவுக்குத் தைத்துக்கொண்ட ஒரு காலத்தைப் பற்றி இங்கே பேசப் போகிறோம்.

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மில் பலருக்கு இந்தப் பொருள் அந்நியமானதன்று. சென்னையிலும் மதுரையிலும் கம்பளிக் கோட்டுக்கு வேலையில்லை. தில்லியிலோ லக்னோவிலோ சிம்லாவிலோ மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. முதல் குளிர்காலத்துக்குப் புதிய ஸூட் தைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள், மூத்தவர் கொடுத்த கோட்டையோ, சந்தையில் வாங்கிய கோட்டையோ தம் உடலுக்கு ஏற்பப் பிடித்துத் தைத்துக்கொள்வது உண்டு. இந்தச் சிறு வீட்டு வேலையை ஒரு தேசம் முழுவதும் சேர்ந்து செய்ய நேர்ந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போதும், அது முடிந்த சில ஆண்டுகளிலும் பிரிட்டன் கண்ட காலம் அது.

யுத்தகாலக் கதைக்குப் போகுமுன் ஸூட் என்னும் உடை எப்படி உருவானது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1666-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர், மேலங்கிக்குள் அணியும் நீண்ட உள்கோட்டைத் தம் அரசவையில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் நாட்குறிப்பில் இச்செய்தியைப் பதிந்துவைத்திருக்கிறார். கோட்டு, உள்கோட்டு, கால்சராய் என்னும் மூன்றுடைத் தொகுதியின் தொடக்கமாக அதையே கூறுவர். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஓய்வு வேளையில் அணிவதற்கென்று ஏற்பட்ட குட்டைக் கோட்டு படிப்படியாக அலுவலகத்துக்கும் வீதிக்கும் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுத்தர் முதல் அமைச்சர் வரை எல்லோருக்கும் பொதுவான உடையாக அது ஆகிவிட்டது.

நல்ல தையற்காரர் தைத்த கோட்டு வெறும் துணியன்று. அது ஒரு கட்டடம். வெளியே கம்பளித் துணி. உள்ளே வழவழப்பான லைனிங். இரண்டுக்கும் நடுவே மார்புப் பகுதியில் குதிரை மயிர் கலந்து நெய்த கித்தான். தோளில் பஞ்சு வைத்து எடுப்பான உருவம் கொடுப்பார்கள். கழுத்துப்பட்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு தையல்கள் அதை வளைத்து நிறுத்தும். இவை அனைத்திலும் நம் கவனத்துக்கு உரியது வேறொன்று. தையற்காரர் துணியை வெட்டும்போது தையற் கோட்டுக்கு வெளியே ஓர் அங்குலம் வரை கூடுதல் துணியை உள்ளேயே மடித்து விட்டுவைப்பார். கோட்டின் பக்கங்களிலும், முதுகின் நடுவிலும், கால்சராயின் பின்னிடுப்பிலும் இந்தத் துணி மறைந்து கிடக்கும். உடுத்துபவர் பருத்தால் தையலைப் பிரித்து விடலாம். இளைத்தால் பிடித்துத் தைக்கலாம். அவர் காலத்துக்குப் பின் மகனோ மருமகனோ தன் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு யார் உடுத்துவார் என்று தெரியாமலே, அந்த யாரோ ஒருவருக்காக உள்ளே விட்டுவைத்த துணி அது. இக்கட்டுரையின் மையம் அந்த ஓர் அங்குலத் துணிதான்.

அக்காலத்தில் துணி விலை மிகுந்தது, கூலியோ குறைவு. ஆகவே ஒரு கோட்டு ஒரே மனிதரோடு முடிந்துபோவதில்லை. எசமானர் உடுத்தியது பணியாளருக்குப் போகும். பணியாளர் அதைப் பழந்துணி வியாபாரிக்கு விற்பார். வியாபாரியிடமிருந்து அது தொழிலாளியின் தோளுக்கு ஏறும். 1851-ஆம் ஆண்டையொட்டி லண்டன் ஏழை மக்களின் தொழில்களை விரிவாக எழுதிவைத்த ஹென்றி மேஹ்யூ, பழந்துணி வியாபாரத்துக்கும் அதில் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். தெருத்தெருவாகக் கூவிப் பழைய உடைகளை வாங்கியவர்களும், ஹவுண்ட்ஸ்டிச் பகுதியின் சந்தையில் அவற்றைக் குவித்து விற்றவர்களும், நைந்த இடங்களைத் தைத்தும் மங்கிய கறுப்புக்கு மறுபடி சாயமேற்றியும் பிழைத்தவர்களும் அதில் வருகிறார்கள். அவ்வியாபாரத்தில் யூதர்களும், பின்னர் ஐரிஷ் மக்களும் பெரும்பங்கு கொண்டிருந்தனர். வேறு பல தொழில்களின் வாயில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பிறர் கழித்த துணியே பிழைப்பாயிற்று என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

பழைய கோட்டைப் புதுப்பிக்கும் முறைகளில் வியப்பானது, அதை முழுவதும் பிரித்து உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தைப்பது. வெயிலும் உராய்வும் படாத உட்பக்கம் புதிதுபோல் இருக்கும் அல்லவா? இரு பக்கமும் ஒரே தோற்றமுள்ள துணியாக இருந்தால்தான் இது கைகூடும். ஆயினும் கூர்ந்து நோக்குபவர் கண்ணுக்கு இது தப்பாது. இடது மார்பில் இருக்கவேண்டிய சிறு பை வலது மார்புக்கு மாறிவிடும். பொத்தான் துளைகளும் பக்கம் மாறும். பழைய துளைகளை இழை ஓட்டி மூடி, புதிய துளைகள் வெட்டவேண்டியிருக்கும். உலகத்தின் முன் மானத்தோடு நிற்கவேண்டும் என்று எளிய மனிதர்கள் பட்ட பாட்டுக்கு, வலப்பக்கம் மாறிப்போன அந்தப் பையே சாட்சி.

இப்படித் தோளிலிருந்து தோளுக்கு மாறி முற்றும் நைந்த பிறகும் கம்பளிக்கு ஓய்வில்லை. யார்க்‌ஷயர் மாவட்டத்துப் பாட்லி ஊரில், 1813-ஆம் ஆண்டில், பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தல்களைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதிய கம்பளியோடு கலந்து நூற்று மறுபடி துணியாக்கும் முறையைக் கண்டார் என்பர். ‘ஷாடி’ என்று அத்துணிக்குப் பெயர். அந்நூற்றாண்டின் நடுவில் தையல் இயந்திரமும் வந்தது. பிறகு பெரும் ஆலைகள் எழுந்தன. லிதுவேனியாவிலிருந்து இளம் வயதில் வந்து குடியேறிய மாண்டேக் பர்ட்டன் என்பவர், லீட்ஸ் நகரத்தில் ஏறக்குறைய 10,000 பேர் வேலை செய்யும் ஆடை ஆலையை நடத்தினார். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் கடையில் அளவெடுத்து, ஆலையில் வெட்டித் தைத்து அனுப்பும் முறையால், தொழிலாளியும் எழுத்தரும் கூடப் புதிய ஸூட் உடுத்தும் காலம் வந்தது. பிறர் கழித்ததை வாங்க வேண்டிய தேவை குறையத் தொடங்கியது. அத்தருணத்தில்தான் யுத்தம் குறுக்கிட்டது.

யுத்தம் மூண்டதும் துணிக்குப் பல பக்கத்திலிருந்தும் நெருக்கடி ஏற்பட்டது. பருத்தியும் கம்பளியும் கடல் கடந்து வரவேண்டிய பொருள்கள். கப்பல்களுக்கோ உணவும் ஆயுதமும் சுமக்கும் வேலை. மக்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு சீருடைக்கு உரியவராகும் நிலை வந்தது. அத்தனை பேருக்கும் துணி வேண்டும். தையல் ஆலைகளில் இருந்தவர்கள் வெடிமருந்து ஆலைகளுக்கு அழைக்கப்பட்டனர். துணி குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் பணமுள்ளவர் வாங்குவர், மற்றவர் குளிரில் நடுங்குவர். ஆகவே பங்கீடு செய்வதென்று வர்த்தக இலாகா முடிவு செய்தது. பிரதம மந்திரி சர்ச்சிலுக்கு இத்திட்டம் பிடிக்கவில்லை. மக்களைக் கந்தலாகக் காண அவர் விரும்பவில்லை. ஆனாலும் 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இலாகாவின் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் அறிவிப்பைச் செய்தார். கடைகள் மூடியிருந்த நாள். ஓடிச்சென்று வாங்கிக் குவிக்க வழியில்லை. இரகசியத்தைக் காக்கப் புதிய கூப்பன் புத்தகம்கூட அச்சிடவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெய்க்கென்று மீந்திருந்த 26 கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

ஓராண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள் என்பது முதற் கணக்கு. கூப்பன் விலைக்கு மாற்றன்று. பணமும் கொடுக்கவேண்டும், கூப்பனும் கொடுக்கவேண்டும். லைனிங் வைத்த ஆண்கள் கோட்டுக்கு 13, உள்கோட்டுக்கு 5, கம்பளிக் கால்சராய்க்கு 8 என்று கூட்டினால் ஒரு முழு ஸூட்டுக்கு 26 கூப்பன்கள் ஆகின்றன. ஒரு சோடி காலணிக்கு 7 கொடுத்துவிட்டால், ஆண்டின் பங்கில் பாதி அங்கேயே தீர்ந்துபோகிறது. உள்ளாடை, சட்டை, காலுறை, குளிருக்கு மேலங்கி எல்லாம் மீதிப் பாதியில் அடங்க வேண்டும். அந்த 66-உம் நிலைக்கவில்லை. 1942-இல் 48 ஆகவும், 1943-இல் 36 ஆகவும் குறைந்தது. யுத்தம் முடிந்த பிறகுதான் மிகப்பெரிய வாட்டம்: 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதங்களுக்கு 24 கூப்பன்கள்தாம், மாதத்துக்கு மூன்று. இந்நிலையில் பழந்துணிக்குத் திடீரென்று மதிப்பு உயர்ந்தது. ஏனெனில் பிறர் உடுத்திய உடைக்குக் கூப்பன் தேவையில்லை. நேற்றுவரை ஏழைகளின் சந்தை என்று முகம் சுளித்தவர்களும் பழைய ஸூட்டைத் தேடிச் செல்லலாயினர்.

புதிய ஸூட்டும் பழைய உருவில் கிடைக்கவில்லை. 1941-இல் சிக்கன ஆடைத் திட்டம் தொடங்கியது. ‘சி.சி.41’ என்னும் முத்திரை பதித்த உடைகள் அளவான விலையில், தரக் கட்டுப்பாட்டுடன் விற்கப்பட்டன. அடுத்த ஆண்டில் கத்தரிக்கே சட்டம் வந்தது. இரட்டை மார்புக் கோட்டு கூடாது. பைகளின் எண்ணிக்கைக்கு எல்லை. கைநுனியில் அழகுக்காக வைக்கும் பொத்தான் கூடாது. கால்சராயின் அடியில் மடிப்பு வைக்கக் கூடாது. இவற்றில் கடைசி விதிதான் பெரும் கூச்சலைக் கிளப்பியது. ஓரிரு அங்குல மடிப்புத் துணிக்காக இத்தனை பேர் வருந்துவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நீளமான கால்சராயை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்போது இலாகாவின் தலைவராயிருந்த ஹியூ டால்ட்டன் தேசநலனை எடுத்துக்காட்டி விதியை ஆதரித்துப் பேசினார். எனினும் ஆண்கள் உடைமீதான இவ்விதிகள் 1944-இல் கைவிடப்பட்டன. வயிற்றுக்குக் குறைவந்தால் பொறுத்துக்கொள்ளும் மனிதன், தன் தோற்றத்துக்குக் குறைவந்தால் எளிதில் பொறுப்பதில்லை என்பதை இச்சிறு கலகம் காட்டுகிறது.

புதியது கிடைக்காத இடத்தில் பழையதைத்தான் நாடவேண்டும். ‘இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தைத்துக்கொள்’ என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தை வர்த்தக இலாகா தொடங்கியது. அதே பெயரில் 1943-ஆம் ஆண்டில் தகவல் அமைச்சகம் அச்சிட்ட சிறு புத்தகம் மூன்று பென்ஸ் விலைக்கு விற்றது. அதற்கு முன்னுரை எழுதியவர் டால்ட்டனே. பூச்சி அரிக்காமல் கம்பளியைக் காப்பது, முழங்கை தேய்வதற்கு முன்பே உள்ளே ஒட்டு வைப்பது, தேய்ந்த கழுத்துப்பட்டியைத் திருப்புவது என்று தொடங்கி, ஓர் உடையை வேறோர் உடையாக மாற்றுவது வரை அதில் வழி சொல்லப்பட்டது. ஊர்தோறும் மாலை வேளைகளில் தையல் வகுப்புகள் நடந்தன. பெண்கள் தொண்டுப்படையினர் குழந்தைகளின் உடைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களை நடத்தினர். வளர்ந்துவிட்ட குழந்தையின் உடையைக் கொடுத்து, அடுத்த அளவு உடையைப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வேலைகளில் மிகக் கடினமானது ஆண்மகனின் ஸூட்டைப் பெண்ணின் உடையாக மாற்றுவது. அதன் முறையைச் சற்று விளக்குவோம். முதலில் தையல்கள் அனைத்தையும் பிரித்து, துணியைத் துலக்கி, ஈரத்துணி வைத்து இஸ்திரி போடவேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் குறியிடவேண்டும். கால்சராயின் இரு கால்களையும் விரித்தால் நான்கு நீண்ட துண்டுகள் கிடைக்கும். முழங்கால் தேய்ந்த பகுதியை விலக்கி வெட்டினால் ஒரு பாவாடைக்குப் போதும். கோட்டைத் தோளில் குறுக்கி, இடுப்பில் பிடிக்கவேண்டும். ஆண்கள் கோட்டில் துளைகள் இடப்பக்கம் இருக்கும். பெண்கள் கோட்டில் அவை வலப்பக்கம் வரவேண்டும். ஆகவே பழைய துளைகளை இழை ஓட்டி மறைக்க வேண்டும். அல்லது மடிப்புக்குள் ஒளிக்க வேண்டும். இங்கேதான் உள்ளே விட்ட துணி கைகொடுத்தது. பழைய தையற்காரர் தாராளமாக விட்டுவைத்த கோட்டிலிருந்து ஒட்டுப்போடத் துணி கிடைத்தது. ஆலையில் கணக்குப் பார்த்து வெட்டிய கோட்டில் அது கிடைக்கவில்லை. சமாதான காலத்தில் வீண் என்று தோன்றிய ஓர் அங்குலம், நெருக்கடியில் சேமிப்பாக வெளிப்பட்டது.

இதையெல்லாம் கேட்கும்போது ஒரு தேசமே மகிழ்ச்சியோடு ஊசி பிடித்தது போலத் தோன்றும். சரித்திரம் அவ்வளவு எளிதன்று. பகலில் ஆலையிலோ அலுவலகத்திலோ உழைத்து, மாலையில் வரிசையில் நின்று உணவு வாங்கி, இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு விமானத் தாக்குதலுக்கு அஞ்சியிருந்த பெண்களின் தலைமீதே இந்தத் தையல் வேலையும் ஏறியது. கூப்பன் எல்லோருக்கும் சமம் என்பது உண்மை; ஆனால் அலமாரி எல்லோருக்கும் சமமாக இல்லை. பத்து ஸூட் வைத்திருந்த வீட்டில், ஒன்றை வெட்டி மற்றொன்றாக்குவது பொழுதுபோக்குப் போன்றது. இருப்பது ஒன்றே என்னும் வீட்டில், கத்தரி தவறினால் குளிர்காலம் முழுவதும் தவறியதாகும். தைத்துக்கொள் என்னும் உபதேசம், தைப்பதற்கு ஏதேனும் உள்ளவருக்கே பயன்படும். சிக்கனத்தைப் போதிக்கும் எவரும் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நலம்.

துணிக் கணக்கில் அடங்காத துயரம் மற்றொன்றும் அங்கே இருந்தது. அலமாரியில் தொங்கிய ஸூட் பெரும்பாலும் படைக்குச் சென்ற ஒருவருடையது. அவர் திரும்பி வந்து உடுத்துவார் என்று அதைப் பூச்சியரிக்காமல் காப்பதா, அல்லது வளரும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இன்றைக்கு வேண்டுமே என்று வெட்டுவதா? வெட்டினால், அவர் வரமாட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமோ என்னும் அச்சம் கத்தரியை எடுத்த கையைத் தடுத்திருக்கும். எந்த இலாகாவின் புத்தகமும் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது. கூப்பன் எண்ணிக்கைகளைப் படிக்கும்போது, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் இத்தகைய ஓர் இரவு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு தொகுதி உடை கொடுத்தது. ஸூட், சட்டை, இரண்டு கழுத்துப்பட்டி, டை, காலணி, மழைக்கோட்டு, தொப்பி ஆகியவை அதில் அடங்கும். இலட்சக்கணக்கானோருக்கு ஒரே காலத்தில் கொடுக்க நேர்ந்ததால், அளவு சரியாக அமையாதவர்கள் ஏராளம். தோள் தொங்கும், கை நீளும். எல்லோரும் ஒரேமாதிரி தோன்றுவதைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு நாடெங்கும் பரவியது. சீருடையைக் கழற்றியவர்கள் மற்றொரு சீருடையை அணிந்ததுபோல் உணர்ந்தனர். அந்த ஸூட்டும் வீட்டுக்கு வந்ததும் ஊசியைச் சந்தித்தது. கை குறுக்கி, இடை பிடித்து, அதைத் தனக்கென்று ஆக்கிக்கொண்ட பிறகே பலருக்குச் சாதாரண வாழ்க்கை தொடங்கியது எனலாம். துணிப் பங்கீடு 1949-ஆம் ஆண்டு மார்ச் 15-இல் முடிவுற்றது. அதை அறிவித்தவர் அப்போது வர்த்தக இலாகாவின் தலைவராயிருந்து, பின்னாளில் பிரதம மந்திரியான ஹாரல்டு வில்சன். சிக்கன ஆடைத் திட்டம் 1952 வரை நீடித்தது.

அதே யுத்தம் நம் நாட்டையும் துணிக்கு ஏங்க வைத்தது. ஆலைத்துணி படைகளுக்குச் செல்ல, விலை கட்டுக்கடங்காமல் ஏறியபோது, 1943-ஆம் ஆண்டில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. விலையை வரையறுத்து, ஏழைகளுக்கென்று ‘ஸ்டாண்டர்டு துணி’யும் விற்றனர். ஆனால் அங்கே ஸூட்டைப் பிரித்தார்கள் என்றால், இங்கே பெரும்பாலோரிடம் பிரிப்பதற்குத் தையலே இல்லை. வேட்டிக்கும் புடவைக்கும் வெட்டும் இல்லை, அளவும் இல்லை; யார் உடுத்தினாலும் பொருந்தும். பழசானால் தன் வழியில் உருமாறும். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி இழை ஓட்டிய கந்தா, பீகாரில் சுஜனி, நம் தமிழ் வீடுகளில் குழந்தைக்குத் தொட்டில் ஆகும் பழம்புடவை ஆகிய எல்லாம் இதற்குச் சான்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் நம் முதுமொழி, வறுமைக்கும் அழுக்குக்கும் உறவில்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றும் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். வடக்கே இத்தொழிலில் பெரிதும் ஈடுபட்டவர்கள் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தினர். அச்சமூகத்துப் பெண்கள் வீடுவீடாகச் சென்று பாத்திரம் கொடுத்து வாங்கிய துணிகள், தில்லியில் ரகுபீர் நகரின் விடியற்காலைச் சந்தையில் கைமாறுகின்றன. தைக்கத் தக்கவை தைக்கப்படும், துவைக்கத் தக்கவை துவைக்கப்படும், பிறகு வேறொருவர் உடுத்துவார். மேஹ்யூ கண்ட லண்டனுக்கும் இந்தச் சந்தைக்கும் இடையே காலமும் கடலும் உண்டு. தொழிலின் சாரம் ஒன்றே. மேலைநாடுகள் கழித்த கம்பளி உடைகளோ ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வருகின்றன. மறுபடி உடையாக விற்க முடியாதபடி கிழித்து இறக்கப்படும் கந்தல்கள் அங்கே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பஞ்சாகி, நூலாகி, கம்பளமாகப் பிறக்கின்றன. 1813-இல் பாட்லியில் தொடங்கிய தொழில் இப்படி நம் நாட்டில் வேரூன்றியது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்களுக்கு வழங்கப்படும் போர்வைகளில், யாரோ ஒரு சீமான் உடுத்திய கோட்டின் இழையும் கலந்திருக்கக்கூடும்.

இனி, நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஸூட்டை இன்றைய அளவுக்கு மாற்ற நினைப்பவர், இச்சரித்திரத்திலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? முதலில் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே ஊசியைத் தொடவேண்டும். முதுகின் நடுத்தையலையும் பக்கத் தையல்களையும் பிடித்தால் இடை ஒடுங்கும். கையைக் குறுக்குவது எளிது. கைநுனியில் உண்மையான துளைகள் வெட்டியிருந்தால் அதுவும் கடினம். 1930-களின் கால்சராய்க்கு அடிச்சுற்று இருபது அங்குலத்துக்கு மேலும் இருந்தது. இன்று பதினைந்து, பதினாறு அங்குலம் போதும் என்கிறோம். அதைக் குறைக்கும்போது உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாகப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுமடிப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடும். தோளையும் கைக்குழியையும் வீட்டில் தொடாதிருப்பதே அறிவுடைமை. அங்கே கித்தானும் பஞ்சும் கைத்தையலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கோட்டின் நீளத்தையும் அதிகம் குறைத்தலாகாது. பைகள் விளிம்புக்கு மிக அருகில் வந்து உருவம் குலையும். ஆகவே தோள் பொருந்தும் கோட்டையே தேர்ந்தெடுத்து, மற்றவற்றை மாற்றிக்கொள்வது முறை.

வேலை செய்யும் ஒழுங்கும் உண்டு. உடுத்துபவர் சட்டையும் காலணியும் அணிந்து நிற்க, கோட்டை உட்புறம் வெளியாகப் போட்டுக் குண்டூசி குத்தவேண்டும். பிறகு ஓட்டுத்தையல் போட்டு, உட்காரவும் கையுயர்த்தவும் செய்து பார்த்த பின்னரே நிலையான தையல் போடவேண்டும். நல்ல கம்பளியானால், ஈரத்துணி வைத்த இஸ்திரியில் பழைய ஊசித்துளைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். செயற்கை இழைத் துணியில் அத்தழும்பு நிலைத்து நிற்கும். உள்ளே மறைந்திருந்த துணியைப் பிரித்து வெளியே கொண்டுவந்தால், அது வெயில் படாத காரணத்தால் நிறம் ஆழ்ந்து தெரியலாம். எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்று: பிடித்துத் தைத்த துணியை வெட்டி எறியலாகாது. நமக்கு முன்னே ஒரு தையற்காரர் விட்டுவைத்ததால்தான் நாம் மாற்ற முடிந்தது. நமக்குப் பின் வருபவருக்கும் அந்த உரிமை உண்டு.

இன்று கடையில் தொங்கும் மலிவான கோட்டுகள் பலவற்றில் கித்தானுக்குப் பதில் பசை; உள்ளே விட்ட துணியோ விரற்கடை அளவுகூட இராது. அவை ஒரே மனிதருக்காக, ஒரே அளவுக்காக, சில ஆண்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. விலை குறைவு என்பதை நாம் இலாபமாகக் கணக்கிடுகிறோம். மாற்றிக்கொள்ளும் வழியும் அதனோடு போய்விட்டதை எண்ணுவதில்லை. பிரிட்டிஷ் மக்கள் எட்டு ஆண்டுகள் கூப்பனோடு வாழ முடிந்ததற்கு அரசாங்கத்தின் புத்தகம் மட்டும் காரணமன்று. அதற்கு முன்னிருந்த தலைமுறைகள் பிரிக்கத் தக்கவாறு தைத்துவைத்ததும், அதைப் பிரிக்கத் தெரிந்த கைகள் வீட்டில் இருந்ததும் காரணங்களாம். பஞ்சம் வந்த பின் பொருளைத் தேடலாம், கூப்பன் அச்சிடலாம். கைத்திறனை அன்றைக்கென்று அச்சிட முடியாது. பெயர் தெரியாத ஒருவருக்காகத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் விட்டுவைக்கும் பழக்கமும் அப்படிப்பட்டதே. வெளியூரில் வாழும் நாம், பெட்டியில் கிடக்கும் பழைய கோட்டை அடுத்த குளிர்காலத்துக்கு எடுக்கும்போது அதை ஒருமுறை திருப்பிப் பார்ப்போமாக. நமக்கென்று ஒருவர் என்ன விட்டுவைத்தார் என்பது அங்கே தெரியும்.